மூன்றாவது இறகு

ஆண்டு விடுப்பு வந்தால் எங்கள் இரும்பு வார்ப்பாலை ஆட்கள் குரோஷியா போய்க் கடலில் ஊறுவார்கள். நான் காட்டுக்குப் போய்க் கக்கூஸ் குழி வெட்டுவேன். என் மனைவி கிராஜினா இதை ஊரெல்லாம் சொல்லிச் சிரிப்பாள். "இவங்க அப்பா கரிச்சுரங்கத்துல தோண்டினாரு. கரியாவது வந்துச்சு. இவரு தோண்டுறதுல என்ன வருதுன்னு கேளுங்க."

சாரணர் படையின் தலைவர் என்றால் ஊரில் பாதிப் பேர் நான் சம்பளம் வாங்குவதாக நினைக்கிறார்கள். மீதிப் பேர் எனக்கு மூளை சரியில்லை என்கிறார்கள். இரண்டாவது கூட்டம்தான் உண்மைக்குக் கொஞ்சம் கிட்டே நிற்கிறது. பிள்ளையை முகாமுக்கு அனுப்பும் அம்மாக்கள் பேருந்து ஊர் எல்லையைத் தாண்டும் முன்பே போன் செய்வார்கள். வெந்நீர் உண்டா, பால் ஒத்துக்காது, இருட்டு ஒத்துக்காது, மற்ற பிள்ளைகள் ஒத்துக்காது. "கொசு கடிச்சிருக்காமே, பான் ஹூபெர்ட்?" என்று ஒருத்தி கேட்டாள். "ஆமாம்மா, அதுவும் முகாமுக்குத்தான் வந்திருக்கு" என்றேன். அடுத்த வருடம் அந்தப் பையன் வரவில்லை.

எங்கள் மொழியில் பான் என்பது அய்யா மாதிரி. கடைக்காரனுக்கும் பான், வக்கீலுக்கும் பான். பிள்ளைகள் எங்களை அப்படிக் கூப்பிடுவதில்லை. துருஹு என்பார்கள், கூட வருகிறவன் என்று வைத்துக்கொள்ளுங்கள். வேறு எதற்காக இல்லாவிட்டாலும் அந்த ஒரு சொல்லுக்காக நான் குழி வெட்டியிருக்கிறேன்.

சாரணர் இயக்கம் பிள்ளைகளை நல்லவர்களாக ஆக்கும் என்று மேடையில் பேசுகிறவர்களை நான் நம்புவதில்லை. காட்டில் கம்பு வெட்டி, கயிறு கட்டி, தன் கட்டிலைத் தானே செய்து அதில் படுத்த பிள்ளை ஊர் திரும்பினால் ஒரு வாரம் எதற்கும் அழாது. நான் பார்த்தது அவ்வளவுதான். அதற்கு மேல் எதற்கும் என்னால் உறுதி தர முடியாது.

சுரங்கம் மூடிய பிறகு ஊர் வடிந்துகொண்டே போனது. பாதிக் குடும்பம் ஜெர்மனிக்குப் போய்விட்டது. அறை நிறையப் பிள்ளைகள் இருந்த படை ஒரு மேசையைச் சுற்றி உட்காரும் அளவுக்கு வந்துவிட்டது. என் முதுகெலும்பில் இரண்டு இடத்தில் தேய்மானம். வசந்த காலத்தில் மேலிடத்திலிருந்து கூப்பிட்டுச் சொன்னார்கள்: இலையுதிர் காலத்துக்குள் படையை ஏற்றுக்கொள்ள இளையவர் ஒருவரைக் காட்டு. இல்லையென்றால் மூடிவிட்டு மிச்சமிருக்கும் பிள்ளைகளை ஆற்றுக்கு அந்தப் பக்கத்துப் படையில் சேர்த்துவிடுவோம். ஆற்றுக்கு அந்தப் பக்கம் யாரும் போக மாட்டார்கள் என்பது அவர்களுக்கும் தெரியும்.

அப்படிக் காட்ட எனக்கு இருந்தது கலினா ஒருத்திதான். செப்டம்பரில் அவளுக்குப் பதினாறு வயது. பெயருக்குப் பெரியவர் ஒருவரின் மேற்பார்வை இருந்தால் படையை எடுக்கலாம். அவளுக்கும் ஆசை. அவள் அம்மா இசபெலாவுக்குத்தான் பிடிக்கவில்லை. பல் மருத்துவரிடம் வேலை பார்க்கிறவள், மகளும் அப்படி ஏதாவது ஆக வேண்டும் என்று நினைப்பவள். "அழுக்குச் சட்டையும் முடிச்சுக் கயிறும் சோறு போடுமா, பான் ஹூபெர்ட்?" என்று கேட்டாள். கடைசியில், இந்தக் கோடையோடு முடிவு தெரியட்டும், முடிந்தால் படையை எடுத்துக்கொள்ளட்டும், முடியாவிட்டால் ஜெர்மன் வகுப்பு என்று விட்டுவிட்டாள்.

தடை ஒன்றுதான். மூன்று இறகும் வாங்காத யாரும் எங்கள் படையை நடத்தியதில்லை. ஒரு பகலும் இரவும் பட்டினி கிடந்தால் ஓர் இறகு. ஒரு பகலும் இரவும் யார் கண்ணிலும் படாமல் காட்டில் இருந்தால் இன்னொன்று. மூன்றாவது, ஒரு பகலும் இரவும் வாய் திறக்காமல் இருப்பது. தலையாட்டலாம், கையைக் காட்டலாம். சத்தம் வரக்கூடாது, எழுதிக் காட்டக்கூடாது. காலை விசிலில் தொடங்கி மறுநாள் காலை விசிலில் முடியும். விசில் என் கழுத்தில் தொங்கும். நடுவில் விடுவிப்பது என்றாலும் நான்தான் ஊத வேண்டும்.

கலினா பட்டினியை முணுமுணுப்பில்லாமல் முடித்தாள். காட்டிலும் இருந்து வந்தாள். வாய்தான் அவளுக்கு எதிரி. தூக்கத்திலும் பேசுகிற பெண். முதல் தடவை மௌனமிருந்தபோது, சூப் ஊற்றிய சமையல்காரி தெரேஸாவுக்குப் பழக்கதோஷத்தில் நன்றி சொல்லிவிட்டாள். அடுத்த தடவை குளவி கொட்டியது. அன்று அவள் சொன்ன வார்த்தையை அவள் அப்பாகூடச் சுரங்கத்தில் சொல்லியிருக்க மாட்டார். சின்னவர்கள் அதை எழுதி வைத்துக்கொண்டார்கள். இந்தக் கோடைதான் கடைசி வாய்ப்பு.

மௌனமிருப்பவரைப் பேச வைப்பது மற்றவர்களுக்கு அன்றைய விளையாட்டு. அதற்குத் தடை கிடையாது.

அன்று காலை விசில் ஊதிக் கொடி ஏற்றியதுமே ஆரம்பித்துவிட்டார்கள்.

"கலினா, உன் ஷூவுல பாம்பு!"

"அடியே, உங்கம்மா வந்திருக்காங்க, கேட்டுல நிக்கிறாங்க."

"துருஹு, இவ ரேஷன் சாக்லேட்டை எடுத்துட்டா. இல்லன்னா இல்லன்னு சொல்லச் சொல்லுங்க!"

கலினா அசரவில்லை. அவள் வாயை மூடியதும் உடம்பு முழுக்கப் பேசியது. தெரேஸா குடத்தோடு சறுக்கி விழுந்ததை நடித்துக் காட்டினாள். நான் முதுகைப் பிடித்துக்கொண்டு எழுந்திருப்பதை நடித்துக் காட்டினாள். அதைப் பார்த்து நானே சிரித்தேன். அவள் என்ன நடிக்கிறாள் என்று பிள்ளைகள் கத்திக் கத்தி ஊகித்தார்கள். காலை முழுக்க முகாம் இப்படித்தான் இருந்தது.

டோபியாஷ் என்று ஒரு பையன், பத்து வயது, முதல் முகாம். வந்த நாளிலிருந்து கலினாவின் பின்னாலேயே வால் மாதிரி திரிந்தான். காலைச் சாப்பாட்டின்போது பெஞ்சில் ஏறி நின்று அறிவித்தான்.

"நான் பேச வைக்கிறேன். என் பழக்கூழ் பந்தயம்!"

"உன் பழக்கூழ் யாருக்குடா வேணும், நக்கி வச்சிருப்பே" என்றான் ஒருவன்.

"தோத்தா கலினாவுக்குத் தர்றேன். ரெண்டு நாளைக்குத் தர்றேன்."

கலினா அவன் தலையைக் கலைத்துவிட்டு, தன் உதட்டில் பூட்டுப் போட்டுச் சாவியை அவன் சட்டைப் பைக்குள் போடுவது போலக் காட்டினாள். பையன் பையைத் தட்டிப் பார்த்துக்கொண்டான்.

மதியத்துக்கு முன்னால் சுகாதார ஆய்வாளர் வந்தார். நல்ல பெண்மணி, ஆனால் வேலை வேலைதான். குளிர்பெட்டிக்குள் வெப்பமானியை வைத்துவிட்டுப் பக்கத்திலேயே நின்றார். இறைச்சிப் பலகையையும் ரொட்டிப் பலகையையும் மாற்றி வைத்திருந்ததைக் கண்டுபிடித்தார். நான் தெரேஸாவை முறைத்தேன், அவள் என்னை முறைத்தாள். குறை எழுதினால் முகாமை மூடுவார்கள். முகாம் மூடினால் மேலிடத்துக்குக் காரணம் கிடைத்துவிடும். என் தலை முழுக்க அந்தக் குளிர்பெட்டிதான் இருந்தது.

அப்போது கலினா ஓடி வந்தாள். மூச்சு வாங்கியது. என் கையைப் பிடித்து இழுத்தாள். காட்டோரம் புல்வெளிப் பக்கம் கையை நீட்டினாள். பிறகு கையை மேலே மேலே தூக்கி, இரண்டு கைகளாலும் எதையோ பிடித்து ஏறுவது போலக் காட்டி, சட்டென்று கீழே விட்டாள்.

சமையல் கூடாரத்தைச் சுற்றி நின்ற பிள்ளைகள் கூடிவிட்டார்கள்.

"கொக்கு!"

"இல்லடா, கொடிக்கம்பம். கொடி இறக்குறா."

"அணில்! அணில்தானே, கலினா?"

அவள் தலையை ஆட்டி ஆட்டி மறுத்தாள். மறுபடியும் ஏறிக் காட்டினாள். உயரத்தை அளப்பது போல இடுப்புப் பக்கம் கையை வைத்தாள், சின்னவன் என்று சொல்ல. எங்களுக்கு அது புரியவில்லை. ஆய்வாளர் அம்மாகூடச் சிரித்தார். "இது என்ன, நாடகமா?"

"மௌனப் பரீட்சை" என்றேன். எனக்கும் உற்சாகம் வந்துவிட்டது. "ஹெலிகாப்டர்!" என்றேன்.

கலினா என்னைப் பார்த்தாள். வாயைத் திறந்தாள். உதடு பிரிந்து, மூச்சு உள்ளே போனதை நான் பார்த்தேன். ஐயோ, தோற்கப் போகிறாள், மூன்றாம் தடவையும் தோற்கப் போகிறாள் என்றுதான் என் மனதில் ஓடியது. பாய்ந்து அவள் வாயைப் பொத்தினேன். வார்ப்பாலைக் கை. அவள் முகத்தில் பாதி மறைந்துவிட்டது.

"வேண்டாம் கலினா, விட்டுறாதே! இவ்வளவு தூரம் வந்துட்டே. எதுவா இருந்தாலும் நாளைக்கு விசிலுக்கு அப்புறம் சொல்லு."

பிள்ளைகள் கை தட்டினார்கள். "விடாதே கலினா! விடாதே!"

நான் கையை எடுத்தேன். அவள் வாய் மூடியிருந்தது. ஒரு கணம் நின்றாள். பிறகு வந்த வழியே ஓடினாள். நான் வெப்பமானியைப் பார்க்கத் திரும்பினேன். அளவு சரியாக இருந்தது. ஆய்வாளர் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு, "நல்லா நடத்துறீங்க" என்று சொல்லிப் போனார்.

பட்டாணி சூப் ஊற்றும்போது டோபியாஷைக் காணவில்லை. கூப்பிடலாம் என்று விசிலை எடுக்கப் போனேன். கலினா மறுபடியும் வந்து நின்றாள். கழுத்தில் ஸ்கார்ஃப் இல்லை. எங்களில் யாரும் ஸ்கார்ஃபைக் கழற்றிவிட்டு வெளியே திரிய மாட்டோம். "எங்கே ஸ்கார்ஃப்?" என்று அதட்டினேன். அவள் பதில் காட்டவில்லை. என் இடுப்பு வாரைப் பிடித்தாள். மாட்டைப் பிடித்து இழுப்பது போல இழுத்துக்கொண்டு நடந்தாள். அவள் முழங்கையில் இருந்தது அவள் ரத்தம் இல்லை என்று பாதி வழியில்தான் பார்த்தேன்.

புல்வெளி ஓரம் வேட்டைக்காரர்கள் ஏறி உட்காரும் உயரமான பரண் ஒன்று இருந்தது. யாரும் ஏறாமல் பல வருடமாக ஊறிப் போன மரம். முதல் நாளே பிள்ளைகளைக் கூட்டி, அந்தப் பக்கம் போகக்கூடாது என்று சொல்லியிருந்தேன். மேல் படிகளில் ஒன்று முறிந்து தொங்கியது. கீழே காட்டுச் செடிகளுக்குள் டோபியாஷ் கிடந்தான். தலைக்கு அடியில் கலினாவின் ஸ்கார்ஃப்.

நினைவு இருந்தது. என்னைப் பார்த்ததும் சிரிக்கப் பார்த்தான்.

"துருஹு, அவ பேசவே இல்ல. பேசு, இல்லன்னா இன்னும் மேலே போவேன்னு சொன்னேன். அப்பவும் பேசல. ஜெயிச்சுட்டா."

"அசையாதேடா. அசையாதே."

"என் பழக்கூழ் அவளுக்கு" என்றான். பிறகு கேட்டான், "துருஹு, என் கால் எங்கே இருக்கு?"

கால் இருக்க வேண்டிய இடத்தில்தான் இருந்தது.

ஆம்புலன்ஸ்காரர்கள் வந்து பார்த்துவிட்டு மேலும் ஒரு போன் செய்தார்கள். புல்வெளியில் ஹெலிகாப்டர் இறங்கியது. பிள்ளைகள் வரிசையாக நின்று பார்த்தார்கள். அன்று முதல் தடவையாக யாரும் எதையும் கத்தவில்லை.

அதன் பிறகு நான் போனில்தான் இருந்தேன். டோபியாஷின் அம்மா, மேலிடம், மறுபடியும் அவன் அம்மா. அவளிடம் நான் என்ன சொன்னேன் என்று எனக்கு நினைவில்லை. அவள் சொன்னது நினைவிருக்கிறது. அதை இங்கே எழுத மாட்டேன். போலீஸ் இருவர் வந்தார்கள், மரியாதையாகத்தான் பேசினார்கள். பரணை அளந்தார்கள், படம் எடுத்தார்கள். கலினாவிடம் கேட்டார்கள். அவள் பரணைக் காட்டினாள், படியைக் காட்டினாள், கைகளை விரித்தாள். "அதிர்ச்சியில இருக்கா, விடுங்க" என்று மூத்தவர் சொல்லிவிட்டார். தெரேஸா அவளுக்குப் போர்வை போர்த்தி டீ கொடுத்தாள். அவள் டீயைக் குடித்துவிட்டு, கிண்ணத்தைக் கழுவி வைத்துவிட்டு, சின்னவர்களைப் படுக்க வைத்தாள். விடிந்ததும் முகாமைக் கலைக்கச் சொல்லி உத்தரவு வந்திருந்தது.

காலையில் கொடி ஏற்றவில்லை. ஏற்றி என்ன ஆகப் போகிறது? வரிசை இல்லை, விசில் இல்லை. பெற்றோர்களின் கார்கள் விடிவதற்குள்ளேயே வரத் தொடங்கிவிட்டன. பலர் என்னிடம் பேசவில்லை, பிள்ளையின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார்கள். ஒருவர் மட்டும் என் தோளைத் தட்டிவிட்டுப் போனார். அது பேசாமல் போனவர்களைவிட மோசமாக இருந்தது. நான் கூடார முளைகளைப் பிடுங்கிக்கொண்டிருந்தேன். கலினா கட்டில்களைப் பிரித்தாள். கயிற்றை வெட்டிப் போட்டால் சீக்கிரம் முடியும். அவள் ஒவ்வொரு முடிச்சாக அவிழ்த்துக் கயிற்றைச் சுற்றி வைத்தாள், அடுத்த வருடத்துக்கு வைப்பது போல. நேற்றிலிருந்து அவள் குரலை யாரும் கேட்கவில்லை என்பது எனக்கு உறைக்கவே இல்லை.

இசபெலாவின் கார் வந்தது. மகளைக் கட்டிப்பிடித்தாள். முகத்தைத் தடவினாள். ஏதோ கேட்டாள். மறுபடியும் கேட்டாள். குரல் ஏறிக்கொண்டே போனது.

"ஏண்டி, அம்மாகிட்ட ஒரு வார்த்தை பேசு! எங்கேயாவது அடிபட்டுச்சா? கலினா!"

கலினா தலையாட்டினாள். இல்லை.

இசபெலா என் பக்கம் திரும்பினாள். "பான் ஹூபெர்ட்! என் பொண்ணை என்ன பண்ணி வச்சிருக்கீங்க? வாய் அடைச்சுப் போச்சு பாருங்க. அனுப்பும்போது பேசிக்கிட்டுதானே வந்தா!"

நான் கையில் முளையோடு நிமிர்ந்தேன். கலினா அம்மாவைப் பார்க்கவில்லை. என் கழுத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். முதலில் எனக்குப் புரியவில்லை. பிறகு கை தானாகக் கழுத்துக்குப் போய் விசிலைத் தொட்டது.

அவளை நான் விடுவிக்கவே இல்லை. அந்தப் பையன் கீழே கிடந்தபோது விடுவிக்கவில்லை. போலீஸ் கேட்டபோது விடுவிக்கவில்லை. இரவு முழுக்க அவள் போர்வைக்குள் எதை வைத்துக்கொண்டு கிடந்தாளோ, அதை யாரிடமும் சொல்ல விடாமல் வைத்திருந்தவன் நான். பொத்திய கை அப்படியே அவள் வாயில் இருந்தது.

விசிலை ஊதினேன். காற்று சரியாகப் போகவில்லை. இன்னொரு முறை ஊதினேன். பாதிப் பிரித்த முகாமில், கார்களுக்கு நடுவே, மிச்சமிருந்த நாலைந்து பிள்ளைகள் பழக்கத்தில் நேராக நின்றார்கள்.

கலினா தொண்டையைச் செருமினாள்.

"இறங்குன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா இறங்கியிருப்பான்" என்றாள். "அவனுக்கு அதுதான் வேணும்."

"கலினா, நான்தான்..."

"பரண் அடியில நின்னேன். வாய் வரைக்கும் வந்துச்சு. அவன் மேலே இருக்கும்போதே உங்ககிட்ட ஓடி வந்தேன், நீங்க இறங்கச் சொல்வீங்கன்னு."

அவ்வளவுதான். காரில் ஏறி உட்கார்ந்தாள். இசபெலா என்னைத் திட்டவில்லை. கதவை மெதுவாகச் சாத்தினாள், ஏதோ நோயாளி இருக்கிற வீட்டுக் கதவு மாதிரி.

விசாரணை இன்னும் நடக்கிறது. பரண் யாருடையது, தடை சொன்னேனா, வேலி போட்டேனா என்று கேட்கிறார்கள். வாயைப் பொத்தினேன் என்றும் சொல்லிவிட்டேன். எழுதிக்கொண்டிருந்தவர் தலையைத் தூக்கி, "அது சட்டத்துல ஒண்ணும் இல்லையே" என்றார். டோபியாஷ் மறுவாழ்வு மையத்தில் இருக்கிறான். இடுப்புக்குக் கீழே எதுவும் தெரியவில்லை. பொறுத்துப் பார்ப்போம் என்கிறார் மருத்துவர். எங்கள் வார்ப்பாலையில் உடைந்த இயந்திரத்தைக் கழித்துக் கட்டுவதற்கு முன்னால் பொறியாளர் இதே வார்த்தையைத்தான் சொல்வார். நான் பார்க்கப் போனேன், அவன் அம்மா உள்ளே விடவில்லை. விட வேண்டும் என்று நான் நினைக்கவும் இல்லை.

படையை மூட மேலிடத்துக்குத் தனியாக உத்தரவு எதுவும் தேவைப்படவில்லை. செப்டம்பர் முதல் வெள்ளிக்கிழமை பள்ளிக்கூட அடித்தளத்தில் எங்கள் அறையைத் திறந்து வைத்து உட்கார்ந்திருந்தேன். ஒரே ஒரு பையன் வந்தான். முகாமில் இரவல் வாங்கிய டார்ச் விளக்கைக் கொடுத்துவிட்டு, "அம்மா கார்ல இருக்காங்க, துருஹு" என்று சொல்லிவிட்டு ஓடினான். இறகு மேசை இழுப்பறையில் கிடந்தது. முகாமுக்குக் கிளம்பும் முன்னாலேயே பருந்து இறகு ஒன்று தேடி எடுத்து, அடியில் சிவப்பு நூல் சுற்றி வைத்திருந்தேன். எங்கள் விதிப்படி பார்த்தால் அது அவளுக்குச் சேர வேண்டியது. விசில் முதல் விசில் வரை அவள் ஒரு வார்த்தை பேசவில்லை. எங்கள் படையில் அவளைப் போல யாரும் அதை முடித்ததில்லை.

அக்டோபரில் இரவு ஷிப்ட் முடித்துக் காலையில் டிராம் நிறுத்தத்துக்கு வந்தேன். கலினா நின்றிருந்தாள். தோளில் பை, கையில் ஜெர்மன் புத்தகம். முடியை வெட்டியிருந்தாள். எங்கள் ஆட்கள் எதிரே பார்த்தால் சொல்லும் வணக்கம் "விழித்திரு" என்பது. வேறு எதுவும் என் வாயில் வரவில்லை.

"விழித்திரு, கலினா."

அவள் திரும்பிப் பார்த்தாள். கோபம் எதுவும் தெரியவில்லை. கோபம் இருந்திருந்தால் எனக்குப் பிடிக்க ஒரு கயிறாவது கிடைத்திருக்கும்.

"காலை வணக்கம், பான் ஹூபெர்ட்" என்றாள்.

"டோபியாஷைப் பார்த்தியா?"

"ஞாயித்துக்கிழமையானா போவேன்."

"என்ன சொல்றான்?"

"நான்தான் பேசுறேன்" என்றாள். "பேசிக்கிட்டே இருப்பேன். அவன் கேட்டுக்கிட்டு இருப்பான்."

டிராம் வந்தது. அவள் முன் கதவில் ஏறினாள். நானும் அதில்தான் போக வேண்டும். பின் கதவு எனக்கு நேராகத் திறந்தே இருந்தது. ஓட்டுநர் மணி அடித்தார், கண்ணாடியில் என்னைப் பார்த்துக் கையை அசைத்துக் கேட்டார், வருகிறாயா இல்லையா என்று.

இல்லை என்று தலையாட்டினேன்.